வைரச் சாணைக்கல்லில் கூர் ஏறாதபோது: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் தச்சுப் பட்டறைக்கு எங்கள் உளிகளையும் இழைப்புளித் தகடுகளையும் தவிர, துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவர்களின் கத்திகளும் அக்கம்பக்கத்து வீட்டு அரிவாள்மனைகளும் கூருக்காக வந்துகொண்டே இருக்கின்றன. சில ஆண்டுகளாக அவற்றோடு வைரச் சாணைக்கல்லும் சேர்ந்து வருகிறது. இரும்புத் தகட்டின் மேல் நிக்கல் பூச்சால் வைரத்தூளைப் பதித்த இந்தக் கல்லை ஆசையாக வாங்கியவர்கள், ஒரு மாதத்துக்குள் கல் செத்துவிட்டது என்று சொல்லி என் மேசையில் வைக்கிறார்கள். கழுவிப் பார்த்தால் பெரும்பாலான கற்களுக்கு ஒன்றும் ஆகியிருப்பதில்லை. கல்லில் அடைந்த அழுக்கோ, கை கொடுத்த அதிக அழுத்தமோ, கல் கூர் முனையைத் தொடாததோதான் காரணமாக இருக்கும். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பார்க்க வேண்டுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா, பழைய பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம், பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பர், நேரான இரும்பு ஸ்கேல், சாயாத நல்ல வெளிச்சம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கல்லை ஈரத் துணியின் மேல் வையுங்கள், நகராது.

அறிகுறி: எவ்வளவு தேய்த்தாலும் கூர் ஏறவில்லை

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சொல்லும் குறை இதுதான். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வரும் ஒரு பெண், “அண்ணே, அரை மணி நேரமா தேய்க்கிறேன், கெண்டைத் தோல்கூட அறுபட மாட்டேங்குது” என்று கத்தியையும் கல்லையும் ஒன்றாக நீட்டினார். “கத்திய அப்படியே வெளிச்சத்துல காட்டும்மா” என்று வாங்கிப் பார்த்தேன். கத்தியின் சரிவுப் பகுதி கண்ணாடிபோல் பளபளத்தது. ஆனால் வாயின், அதாவது வெட்டும் ஓரத்தின், விளிம்பில் நூலிழை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு நுனியிலிருந்து பிடி வரை ஓடியது. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. அந்த வெள்ளைக் கோடு முழுவதும் கல் தொடாத மழுங்கலான இடம்.

முதல் சோதனையாக, கத்தியின் சரிவில் இரண்டு பக்கமும் வாயின் விளிம்பு வரை மார்க்கர் மையைப் பூசி உலரவிடுங்கள். நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் கோணத்தில் கல்லின் மேல் நான்கு முறை மட்டும் இழுத்துவிட்டு, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

மை மேல் பகுதியில் அழிந்து, விளிம்பில் அப்படியே இருந்தால்: கத்தியை மிகவும் படுக்கவைத்துத் தேய்க்கிறீர்கள். முதுகைச் சற்று உயர்த்த வேண்டும். 40 மி.மீ. அகலமுள்ள சமையல் கத்திக்கு முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 14 மி.மீ. உயரத்தில் இருந்தால் 20 பாகை கிடைக்கும். எலும்பும் தலையும் வெட்டும் கனமான கத்திக்கு அதே அகலத்தில் 17 மி.மீ. வைத்தால் 25 பாகை ஆகும். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவி முதுகின் அடியில் வைத்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு துண்டை எடுத்துவிட்டுத் தேய்க்கலாம்.

விளிம்பில் மட்டும் அழிந்து, மேலே இருந்தால்: கோணம் அதிகமாகிவிட்டது. கூர் ஏறும், ஆனால் கத்தி தடித்து, காய்க்குள் இறங்காமல் பிளந்துகொண்டு போகும். இதற்கு முதுகைத் தாழ்த்தினால் போதும்.

மை முழுவதும் அழிந்தும் கூர் வராவிட்டால்: பிசிறு எழுந்ததா என்று பாருங்கள். ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது விளிம்பு உலோகம் மெல்லியதாகி மறுபக்கம் மடிந்து எழுவதையே பிசிறு என்கிறோம். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே வருமாறு குறுக்காக இழுங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். பிசிறு இருந்தால் நகம் வெட்டிய விரல் துணியில் பிடிப்பதுபோல் ஒரு சிறு தடை தெரியும். பிடி அருகிலும் நடுவிலும் நுனியிலும் அந்தத் தடை இருக்க வேண்டும். நடுவில் மட்டும் எழுந்து இரு முனைகளிலும் எழாமல் இருப்பதே வழக்கம், ஏனென்றால் நுனியின் வளைவில் பலர் பிடியை உயர்த்த மறந்துவிடுகிறார்கள். பிசிறு முழு நீளத்துக்கும் எழும் வரை மறுபக்கத்துக்கு மாறாதீர்கள். இருபது இழுப்பு இந்தப் பக்கம், இருபது இழுப்பு அந்தப் பக்கம் என்று எண்ணிக்கையை நம்பித் தேய்ப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் தவறுகிறது.

பிசிறு எங்குமே எழாவிட்டால்: கல்லின் நயம் பொருந்தவில்லை. வைரத்தூளின் நயத்தைக் காட்டும் எண்ணே கிரிட், எண் கூடக்கூடத் தூள் நயமாகும். முற்றிலும் மழுங்கிய கத்தியை 1000 கிரிட் கல்லில் தொடங்கினால் மாலை வரை தேய்க்க வேண்டும். இருபக்கக் கல் என்றால் 300 அல்லது 400 கிரிட் உள்ள கரடான பக்கத்தில் பிசிறை எழுப்பிவிட்டு, நயமான பக்கத்துக்கு வாருங்கள். ஒழுங்காகத் தரம் பிரித்த கற்களில் 325 கிரிட் வைரத்தூள் ஏறக்குறைய 45 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 600 கிரிட் 25 மைக்ரான், 1200 கிரிட் 9 மைக்ரான் பருமன் கொண்டது. மலிவான கற்களில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கத்தியில் விழும் கோடுகளின் ஆழமே சரியான அளவுகோல்.

கரடான பக்கத்திலும் எழாவிட்டால், அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: கல் வழுக்குகிறது, கத்தியைப் பிடிப்பதே இல்லை

நல்ல கல்லில் கத்தி இழுபடும்போது மணலில் கால் தேய்வதுபோல் ஒரு மெல்லிய ஓசை வரும். அந்த ஓசை இல்லாமல் கண்ணாடியில் ஓடுவதுபோல் வழுக்கினால், முதலில் கத்தியைப் பாருங்கள். பண்ருட்டிப் பலாப் பருவத்தில் எனக்கு வரும் கத்திகளில் பாதி, பலாப்பாலின் பிசுக்கு காய்ந்த நிலையில் வருகின்றன. அதை அப்படியே கல்லில் தேய்த்தால் பால் வைரத்தூளின் இடுக்குகளில் ஏறிப் படலம் கட்டிவிடும். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுக் கத்தியைத் துடைத்து, பிறகு பாத்திரத் திரவத்தால் எண்ணெய் போகக் கழுவிய பின்னரே கல்லில் வையுங்கள். கல்லில் ஏற்கெனவே பால் ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்துவிட்டுச் சோப்பால் கழுவினால் போய்விடும்.

கத்தி சுத்தமாக இருந்தால், கல்லில் இரும்புத்தூள் அடைந்திருக்கலாம். உலர்வாகத் தேய்க்கிறவர்களின் கல் சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளை ரப்பரால் அழுத்தி அழித்தாலே தூள் உருண்டு வெளியே வரும். பிறகு பிரஷாலும் திரவத்தாலும் கழுவுங்கள். இனித் தேய்க்கும்போது சிறிது தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் கலந்து தெளித்துக்கொண்டால், தூள் மிதந்து வெளியேறும். பழைய வகைச் சாணைக்கல்லான கார்பரண்டம் கல்லுக்கு ஊற்றிய பழக்கத்தில் சமையல் எண்ணெயை இதன் மேல் ஊற்றாதீர்கள். அது நாளடைவில் பிசினாகி இறுகிவிடும். நான் கழுவிக் கொடுத்த கற்களில் மிக மோசமாக அடைந்திருந்தவை நல்லெண்ணெய் ஊற்றியவைதான்.

கழுவிய பிறகும் வழுக்கினால், வைரம் தேய்ந்துவிட்டதா என்பதை இப்படிப் பாருங்கள். கல்லின் நான்கு மூலைகளும் அதிகம் பயன்படுவதில்லை, ஆகவே அவையே ஒப்பிடுவதற்கான இடம். ஒரு பழைய உளியின் தட்டைப் பக்கத்தை மூலையில் பத்து முறையும் கல்லின் நடுவில் பத்து முறையும் தேய்த்து, இரண்டு இடத்துக் கோடுகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் கல் உயிரோடு இருக்கிறது, உங்கள் கத்தியின் இரும்பு கடினமானது, இன்னும் கரடான கல் வேண்டும். நடுவில் கோடே விழாமல் மினுங்கல் மட்டும் ஏறினால், நடுப்பகுதி வைரம் உதிர்ந்துவிட்டது. வைரம் தானாகத் தேய்வது மிக மெதுவாக நடக்கும். அழுத்தித் தேய்க்கும்போது அது நிக்கல் பிடியிலிருந்து பெயர்ந்துபோவதே விரைவாக நடக்கிறது. கத்தியின் எடையோடு ஒரு விரலின் எடை சேர்ந்தால் போதும். பழைய சாணைக்கல்லில் தோளின் பலத்தைக் கொடுத்துப் பழகிய மூத்த ஆசாரிகளிடம் இதைச் சொல்லும்போது நம்பிக்கை வருவதில்லை, ஆனால் ஒருமுறை மையைப் பூசி மெதுவாக இழுத்துக் காட்டினால் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

நடுவில் தேய்ந்த கல்லை எறிய வேண்டாம். பிசிறு நீக்கும் கடைசி இழுப்புகளுக்கு அது நன்றாகவே உதவும். முக்கிய வேலைக்குப் புதிய கல் வாங்குவதைத் தவிர இதற்கு வழியில்லை. மறுபடி வைரம் பதிக்கக் கொடுப்பது புதுக் கல்லின் விலைக்குக் கட்டாது.

அறிகுறி: புதுக் கல் எண்ணுக்குப் பொருந்தாமல் ஆழமாகக் கீறுகிறது

இது பெரும்பாலும் கோளாறே அல்ல. புதுக் கல்லில் சில வைரத்துகள்கள் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். நாலைந்து கத்திகளை மெல்லிய அழுத்தத்தில் தீட்டி முடிப்பதற்குள் அவை சமமாகிவிடும். முதல் வாரம் விலை உயர்ந்த உளியை அதில் வைக்காமல், வீட்டுக் கத்திகளைத் தீட்டிப் பழக்குங்கள். கரடான கார்பரண்டம் கல்லோடு தேய்த்துப் பழக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம், உதிரும் கார்பரண்டம் மணிகள் வைரத்தைப் பிடித்திருக்கும் நிக்கலை அரித்துவிடும்.

ஒரே இடத்தில் ஒரே ஆழக் கோடு திரும்பத் திரும்ப விழுந்தால், கரடான பக்கத்தின் துகள் இந்தப் பக்கம் வந்திருக்கலாம், கழுவுங்கள். கழுவியும் விழுந்தால் உயர்ந்த ஒற்றைத் துகள் இருக்கிறது. அந்த இடத்தில் கடினமான பழைய இரும்புத் துண்டைச் சில முறை தேய்த்தால் அது உடைந்து விலகும். அதற்கும் அடங்காத கல்லை, பெட்டி இருக்கும்போதே கடையில் திருப்பிக் கொடுப்பது நல்லது.

அறிகுறி: கூர் ஏறுகிறது, இரண்டே நாளில் போய்விடுகிறது

தீட்டிய உடன் தாளைச் சீவுகிறது, மறுநாள் தக்காளித் தோலில் நழுவுகிறது என்றால், பிசிறை நீக்காமல் விட்டிருக்கிறீர்கள். அன்று தாளைச் சீவியது கத்தியின் வாய் அல்ல, அதன் மேல் நின்ற மெல்லிய பிசிறு. அது முதல் வேலையிலேயே மடிந்துவிட்டது. நயமான பக்கத்தில் ஒரு பக்கம் ஐந்து இழுப்பு, மறுபக்கம் ஐந்து, பிறகு மூன்று, பிறகு ஒவ்வொன்று என்று அழுத்தத்தையும் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வாய் பின்னால் வருமாறு இருபக்கமும் பத்து முறை இழுங்கள். முடிதிருத்தும் கடையில் சவரக்கத்தியை வாரில் தீட்டுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தக் கை அசைவு நினைவிருக்கும்.

பிசிறு இல்லை என்று உறுதியானால், எதன் மேல் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வெட்டும் கத்திக்கு எந்தக் கல்லும் கூரைக் காப்பாற்றித் தர முடியாது. மரப்பலகைக்கு மாறுங்கள். கரையோரத்தில் வாங்கும் மீனை மணல் போக அலசிவிட்டு வெட்டுங்கள், ஏனென்றால் செதிலுக்குள் இருக்கும் மணலே வாயை முதலில் தின்கிறது.

உளியாக இருந்தால், மரத்தையும் கணக்கில் எடுங்கள். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா, அதாவது மணலில் உள்ள கடினப் பொருள், இருக்கிறது, அதனால் வேம்பிலோ பலாவிலோ நிற்கும் கூர் அதில் நிற்காது. 25 பாகையில் தீட்டிய உளியின் நுனியை மட்டும் 30 பாகைக்கு உயர்த்தி நயமான கல்லில் நாலைந்து முறை இழுத்தால், சுத்தியல் வேலைக்கு அது தாங்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், இரும்பின் பதம் போயிருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரச் சாணையில் தண்ணீர் காட்டாமல் பிடித்த உளியின் நுனியில் நீல நிறம் ஏறியிருக்கும். கார்பன் எஃகு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைத் தொடும்போது அந்த நிறம் வரும், அதற்குள் அதன் கடினத்தன்மை குறைந்துவிடும். நீலம் 1 அல்லது 2 மி.மீ. மட்டும் என்றால், கரடான கல்லில் அந்தப் பகுதியைக் கையால் தேய்த்துக் கழித்துவிடலாம், நேரம் ஆகும். அதற்கு மேல் நீலம் பரவியிருந்தால் கொல்லர் பட்டறையில் மறுபடி பதம் ஏற்றித் தரச் சொல்லுங்கள். நிறம் எதுவும் இல்லாமல், வெட்டும்போது வாய் உடையாமல் வளைந்து வளைந்து போகும் மலிவான எவர்சில்வர் கத்தி என்றால், அதன் இரும்பே மென்மையானது. அதற்குச் செலவு செய்யாமல் வாரம் ஒருமுறை நயமான கல்லில் தொட்டுக்கொள்வதே போதுமானது.

அறிகுறி: உளியின் முனை கோணலாகிறது, இழைப்புளி கோடு போடுகிறது

உளியின் தண்டில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு மூலை நீண்டிருந்தால் உங்கள் விரல் மறுமூலையில் அழுத்துகிறது. நீண்ட மூலையின் மேல் விரலை மாற்றி வைத்துத் தேய்த்தால் சில நிமிடங்களில் நேராகும். 6 மி.மீ. உளிகளில் இந்தக் கோணல் எளிதில் வரும், ஏனென்றால் கல்லில் அவற்றுக்குக் கால் ஊன்ற இடமில்லை. அவற்றைக் கல்லின் குறுக்கே அசைக்காமல் நீளவாக்கில் இழுங்கள்.

கோணல் இல்லாமல் கூரே சரியாக வராவிட்டால், தட்டைப் பக்கத்தில் மை பூசி 1000 கிரிட் கல்லில் நன்றாகப் படுக்கவைத்துப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். விளிம்பில் மை அழியாவிட்டால் அந்தப் பக்கம் உருண்டிருக்கிறது. தட்டைப் பக்கம் முழுவதையும் சமப்படுத்த வேண்டியதில்லை. முனையிலிருந்து 10 முதல் 15 மி.மீ. வரை கல் முழுதாகத் தொட்டால் போதும்.

இழைப்புளியில் தகட்டின் வாயில் சிறு பொக்கை இருந்தால் மரத்தில் உயர்ந்த கோடு விழும். தகட்டைத் தீட்டியும் இரு ஓரங்கள் மட்டும் கூராகி நடு மழுங்கலாக நின்றால், கல்லின் சமதளத்தைச் சந்தேகிக்கலாம். இரும்பு ஸ்கேலைக் கல்லின் மேல் விளிம்பாக நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். நடுவில் ஒரு சாதாரண அச்சுத்தாள் தடையில்லாமல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், அந்தக் கல் கத்திக்கு உதவும், இழைப்புளித் தகட்டுக்கு உதவாது. மெல்லிய தகட்டுக் கல் என்றால் வேறு கல் வாங்குவதற்கு முன் ஒரு முயற்சி செய்யலாம். சமமான தடித்த கண்ணாடித் துண்டின் மேல் இருபக்கப் பசை நாடாவால் அதை அழுத்தி ஒட்டினால் பல நேரங்களில் நேராகிவிடுகிறது.

அறிகுறி: அரிவாள்மனையில் அங்கங்கே மட்டும் கூர்

வளைந்த வாயை அகலமான கல்லில் தேய்த்தால், உள்வளைவில் கல்லின் இரு ஓரங்கள் மட்டுமே தொடும். இங்கே அரிவாள்மனையை அசையாமல் நிறுத்தி, பிடியுள்ள குறுகிய வைரக்கல்லை அதன் மேல் நகர்த்த வேண்டும். மனையைப் பக்கவாட்டில் சாய்த்து மேசையில் பிடித்துக்கொண்டு, விரல்கள் வாயின் மட்டத்துக்கு மேலே வராமல் கல்லைப் பிடியுங்கள். அலகு மனையில் ஆடினால் தீட்டுவதை நிறுத்திவிட்டு, ஆணியை முதலில் இறுக்கச் செய்யுங்கள். ஆடும் அலகு கூராக இருப்பது ஆபத்தானது.

அறிகுறி: கல்லில் துருப் புள்ளிகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இதற்குக் காற்றே போதும். கரையோரத் தெருக்களில் ஆழ்குழாய்த் தண்ணீரும் உப்பாக இருப்பதால், நான் கடைசி அலசலுக்குக் குடிநீர் கேன் தண்ணீரையே பயன்படுத்துகிறேன். அலசிய கல்லைத் துணியால் ஒற்றி, வெயில் படும் சன்னலில் நிமிர்த்தி வைத்து உலர்த்திய பிறகே பெட்டியில் போடுங்கள். புள்ளிகள் மேலோட்டமாக இருந்தால் பாத்திரம் துலக்கும் பொடியும் பிரஷும் போதும். நிக்கல் கொப்புளித்து உரியத் தொடங்கினால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள், உரிந்த துண்டு உளியின் முனையில் சிக்கினால் பொக்கை விழும்.

அறிகுறி: வாயில் பொக்கை

புதுச்சேரியில் இடிக்கப்படும் பழைய வீடுகளின் கதவும் சன்னலும் மறுபடி இழைக்க வரும்போது, எங்கள் தகடுகளில் பொக்கை அதிகமாகிவிடும். உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணியும் மரத்தில் ஊறிய சுண்ணாம்பு மணலும் காரணம். இழைப்பதற்கு முன் கம்பிப் பிரஷால் மரத்தைத் தேய்த்து, காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள்.

அரை மி.மீ.க்குக் குறைந்த பொக்கையை 300 அல்லது 400 கிரிட் வைரக்கல்லில் கையாலேயே கழித்துவிடலாம். 1 மி.மீ. என்றால் ஒரு மாலைப்பொழுது போகும். 2 மி.மீ.க்கு மேல் என்றால் சாணைக்காரரிடம் கொடுப்பதே சரி. கையால் முயன்றால் கல்லின் நடுப்பகுதிதான் தேயும். தெருவில் சைக்கிளோடு வருகிறவரிடம் கொடுத்தாலும், அடிக்கடி தண்ணீரில் தோய்த்துப் பிடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். வாங்கிய பிறகு கடைசிக் கூரை உங்கள் கல்லில் ஏற்றிக்கொள்ளலாம்.

இழைப்பு இயந்திரத்தின் நீளத் தகடு, டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம், தையல் கத்தரிக்கோல் ஆகிய மூன்றையும் நான் கைக்கல்லில் தொடுவதில்லை. நீளத் தகடுகள் ஒன்றுக்கொன்று ஒரே அகலத்தில் இருந்தாக வேண்டும், வட்ட ரம்பத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே கோணம் வேண்டும், கத்தரிக்கோலின் உட்பக்கத்தை ஒருமுறை தட்டையாகத் தேய்த்துவிட்டால் இரண்டு அலகும் துணியை மென்று தள்ளும். இவற்றை அதற்கான இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்கு, தகடுகளைச் சோடி பிரிக்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிடுங்கள்.